டேங்க்னா மொட்டைமாடியில மட்டுமா இருக்கு?

வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடிச்சு உலுக்குற நம்ம பக்கத்துல இந்த வாரம் சிக்கினது, எல்.கே.ஜி. வாண்டுக்கும் தெரிஞ்ச வார்த்தை. டேங்க்! 'இதுக்கெல்லாமா ஒரு பக்கம்?'னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. நானும் அப்படித்தான் நினைச்சேன், என்.எஸ்.எஸ். கேம்ப்புக்குப் போற வரைக்கும்.

மதுரையிலிருந்து மேலூர் போற வழியில, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊரைப் பத்தி ஒரு சர்வே ஃபார்ம் நிரப்பணும். முழுக்க இங்கிலீஷ். அதுல ஒரு கட்டம், 'நம்பர் ஆஃப் டேங்க்ஸ்'. நான் மெக்கானிக்கல். எனக்குத் தெரிஞ்ச டேங்க் எல்லாம் ஹைட்ராலிக்ஸ் லேப்ல இருக்கிற கலெக்டிங் டேங்க்தான். பத்து சென்டிமீட்டர் தண்ணி ஏற எத்தனை செகண்டுன்னு ஸ்டாப்வாட்ச்சும் கையுமா நின்னு நொந்துபோன ஆளு. ஸோ, அண்ணாந்து பார்த்தேன். ஓவர்ஹெட் டேங்க் ஒண்ணு. தெருமுனையில கறுப்பு சின்டெக்ஸ் ஒண்ணு. 'ரெண்டு'ன்னு எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவியாச்சு.

டீக்கடை பெஞ்சுல இருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார். "என்ன தம்பி எழுதுறீக?"

"ஊர்ல எத்தனை டேங்க் இருக்குன்னு கணக்கெடுக்கிறோம் ஐயா. ரெண்டு."

"ரெண்டா? பெரிய கம்மாய், சின்னக் கம்மாய்... அப்ப ஊருணி? கோயில் குளத்தையும் விட்டுட்டீகளா?"

நான் மேலே கையைக் காட்டினேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். "அது தண்ணித் தொட்டிய்யா! ஆபீஸ்காரவுக டேங்க்குன்னு எழுதுனா அது கம்மாய்!"

மூணு வருஷமா இங்கிலீஷ் மீடியத்துல இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு, இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னது டீக்கடை பெஞ்ச். கூட வந்த பயலுக அன்னைக்கு ராத்திரி முழுக்க என்னை 'சின்டெக்ஸ்'னுதான் கூப்பிட்டானுக.

ரூமுக்கு வந்து நோண்டினா, பெரியவர் சொன்னதுதான் பழைய அர்த்தம். குஜராத்தி, மராத்தியில நீர்த்தேக்கத்தைக் குறிக்கிற 'டாங்க்' மாதிரியான சொற்கள் உண்டு. போர்ச்சுக்கீசியர்கிட்ட 'டாங்க்கே'ன்னு ஒரு சொல் இருந்துச்சு. எதுலேர்ந்து எது போய் இங்கிலீஷுக்குள்ள உட்கார்ந்துச்சுன்னு பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கு. 1886-ல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலும் அந்தப் பஞ்சாயத்து இருக்கு. (அதைத் தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தரான பர்னெல், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர்.) எப்படியோ, குளம் குட்டையில ஆரம்பிச்ச வார்த்தைதான் அப்புறமா இரும்புத் தொட்டிக்கும் பைக் பெட்ரோலுக்கும் போச்சு. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க கவச வண்டி செஞ்சப்போ, ரகசியம் வெளியே போகக் கூடாதுன்னு, தண்ணி கொண்டுபோற வண்டின்னு ரீல் விட்டு வெச்ச பேருதான் 'டேங்க்'. 1916 செப்டம்பர்ல அது போர்க்களத்துல இறங்கின பிறகும் பேரு மட்டும் மாறலை. இப்போ அமெரிக்க ஸ்லாங்ல 'ஐ டேங்க்ட் த எக்ஸாம்'னா ஊத்திக்கிச்சுன்னு அர்த்தம். நம்மாளுகளுக்கு ரொம்ப யூஸாகும், நோட் பண்ணிக்கோங்க.

சிக்கல் எங்கேன்னா, நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேரு. குடிக்கிற தண்ணிக்கு ஊருணி. வயலுக்குப் பாயறதுக்கு கண்மாய், பேச்சுல கம்மாய். தெப்பம் விடுறது தெப்பக்குளம். இங்கிலீஷ்ல அத்தனையும் டேங்க்! மதுரையிலேயே பாருங்க. வைகைக்குத் தெற்கே திருமலை நாயக்கர் வெட்டின, சுத்தி கல்லுக் கட்டின வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஆத்துக்கு வடக்கே, மாட்டுத்தாவணிப் பக்கம் வண்டியூர் கண்மாய். வெளியூர் ஃப்ரெண்டுகிட்ட 'வண்டியூர் டேங்க்ல வெயிட் பண்ணு'ன்னு இங்கிலீஷ்ல எஸ்.எம்.எஸ். தட்டினா, அவன் ஒரு கரையில, நீங்க ஒரு கரையில! தமிழும் லேசுப்பட்டது இல்ல. மாடக்குளம்னு பேரு, ஆனா அது கண்மாய்.

பெரியவர் மறுநாள் எங்களைப் பெரிய கம்மாய்க் கரைக்கே கூட்டிட்டுப் போனார். அங்கதான் எனக்கு லேப் டேங்க் உடைஞ்சுச்சு. டிக்‌ஷ்னரியில டேங்க்னா முதல் அர்த்தம் கொள்கலன், அதாவது நாலு பக்கமும் சுவர். கம்மாய்க்கு அப்படிக் கிடையாது. நிலம் சரியிற பக்கம் மட்டும் பிறை மாதிரி கரை. மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும், மழைத்தண்ணி அது வழியாத்தான் வரணும். கரையில மடை, அதுவழியா வயலுக்குத் தண்ணி. நிறைஞ்சா கலுங்கு வழியா வழிஞ்சு அடுத்த ஊர்க் கம்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கடுத்தது. (இந்தக் கலுங்கை வெள்ளைக்கார இன்ஜினீயருங்க 'கலிங்குலா'ன்னே இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. அவங்களுக்கும் வேற வார்த்தை கிடைக்கலை போல!)

பெரியாறு அணைத் தண்ணி 1895-ல் இந்தப் பக்கம் திரும்பின பிறகு, கால்வாய்த் தண்ணி வாங்குற கம்மாய்களுக்கு 'சிஸ்டம் டேங்க்'னு பேரு. வெறும் மழையை நம்பி இருந்தா 'நான்-சிஸ்டம் டேங்க்'. எங்க கேம்ப்ல இருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பய, "கம்மாய்க்கு எதுக்குடா சிஸ்டம்?"னு கேட்டான். அவனை நான் சின்டெக்ஸ்னு கூப்பிட முடியாதது என் விதி.

நாங்க போனது சித்திரை மாசம். கம்மாய்க்குள்ள பொட்டுத் தண்ணி இல்ல. பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க. "இதையுமா ஐயா டேங்க்னு எழுதணும்?"னு கேட்டுட்டேன். சிரிச்ச முகம் சட்டுனு மாறிடுச்சு. "தண்ணி இல்லேன்னா கம்மாய் இல்லேன்னு ஆயிருமா? அப்படி நெனச்சுத்தான் பிளாட்டு போடுறாக."

எனக்குப் பதில் வரலை. 'டேங்க் பெட்'னு புக்ல படிக்கிறோமே, அது இந்தக் காஞ்ச தரைதான். தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் அதுவும் டேங்க். தமிழ்நாட்டுல 2007-ல் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டமே போட்டாங்க. அதோட இங்கிலீஷ் பேர்லயும் 'டேங்க்ஸ்'தான். நூறு ஏக்கரும் அதுக்கு மேலேயும் ஆயக்கட்டு இருந்தா ஒரு துறை பார்க்கும், குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம். எல்லாத்துக்கும் அடிப்படை ஏதோ ஒரு ஃபார்ம், ஏதோ ஒரு கட்டம், அதுல ஒரு நம்பர். அந்தக் கட்டத்துல ஓவர்ஹெட் தொட்டியையும் சின்டெக்ஸையும் எண்ணி எழுதினவன் நான். எங்க ஃபார்ம்படி அந்த ஊர்ல ஒரு கம்மாய்கூடக் கிடையாது!

கரையிலேயே உட்கார்ந்து 'ரெண்டை' அடிச்சிட்டு 'நாலு'ன்னு எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்தார். "பேரு போடலையா தம்பி?" கட்டத்துல ஒரு நம்பருக்குத்தான் இடம். பேப்பரைத் திருப்பி, அவர் சொல்லச் சொல்ல நாலு பேரையும், எந்தக் கம்மாய் வழிஞ்சா எதுக்குப் போகும்ங்கிறதையும் தமிழ்லயே எழுதினேன். கேம்ப் ஆபீஸர் சார் பார்த்துட்டு, "பின்னாடி எதுக்குப்பா கிறுக்கி வெச்சிருக்க?"ன்னார். விளக்கிச் சொன்னேன். ஒண்ணும் பேசாம கட்டோட சேர்த்து வெச்சுக்கிட்டார்.

அடுத்த வாரம்: நாம திட்டுறதுக்கு யூஸ் பண்ற 'பொறம்போக்கு', இங்கிலீஷ் ரெக்கார்டுக்குள்ள போய் உட்கார்ந்த கதை!