நூலும் கொக்கியும்



கணவரை இழந்த சகோதரி ஒருவர் உறக்கம் வராத இரவுகளில் குரோஷா பின்னுகிறார். "ஜெபிக்கவேண்டிய வேளையில் நூலோடு உட்காருவது தகுமா?" என்று சிலர் அவரைக் கடிந்துகொண்டனர். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்: தகும் என்பதே என் எண்ணம்.

ஒரு பின்னல் முடிந்ததும் கொக்கியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. அடுத்ததை மட்டும் கவனித்தால் போதும். நாளையைக் குறித்து அலையும் மனம் அந்தச் சிறிய எண்ணிக்கையில் அமர்கிறது. தவறினால் இழுத்துப் பிரித்து, அதே நூலில் மறுபடியும் தொடங்கலாம். துக்கத்தில் இருப்பவருக்கு இது எத்தனை இதமான பாடம்! அமர்ந்த உள்ளத்தில் ஜெபமும் எழும். யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு வஸ்திரங்கள் செய்ததை வேதம் நற்கிரியையாகவே காண்கிறது.

ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஆந்திராவின் நரசாபுரத்தில் மிஷனெரிமார் கற்றுக்கொடுத்த இதே வேலை, அங்குள்ள பெண்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. குறைந்த கூலிக்குக் கண்களை வருத்திப் பின்னுகிறார்கள். அத்தகையோரிடம் வாங்கும்போது பேரம் பேசாதிருப்போம்.

துக்கமும் உறக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். அது அவிசுவாசம் அல்ல. அச்சகோதரியைக் கடிந்துகொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மாலை அவர் அருகே அமர்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொடுங்கள். அதுவும் ஊழியமே.

கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் அருளுவாராக. ஆமென்.