மேனி நமது; இதயம் எவரது?

தோழனே!

நீலகிரி என்றதும் தேயிலைத் தோட்டமும் தொதவர் குடியிருப்பும் நின் நினைவில் எழும். நம் மலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பலொன்று மேலைக்கடலில் மிதந்ததை அறிவாயா?

அன்றைய பம்பாயில், மசகான் கப்பல் தளத்தில் உருவான முதல் நீலகிரி, 1972-இல் கடற்படையிற் சேர்ந்தது. கட்டிய கை நமது. வரைந்த கை ஆங்கிலேயனது! 'லியாண்டர்' எனும் பிரிட்டிஷ் கப்பலின் அமைப்பைத் தழுவி எழுந்த கலம் அது. வரைகோல் நம் கைக்கு வந்தது, 1983-இல் பணியேற்ற கோதாவரியில். பதினோராண்டுத் தவம்!

முதல் நீலகிரி 1996-இல் ஓய்வு பெற்றது. அதே தளத்தில் பிறந்த புதிய நீலகிரி, 2025 ஜனவரி 15-இல் பணியேற்றது. நீளம் 149 மீட்டர். எதிரியின் ராடார் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வடிவம். வரைந்தவர் நம்மவர், உடலமைந்த எஃகும் நம் நாட்டில் உருக்கியதே.

மகிழ்வோம், மறுப்பாரில்லை. ஆயினும், மார்தட்டுவோரிடம் ஒன்று கேட்போம். அக்கலத்தை விரைந்தோட்டும் வாயுச் சுழலி, அமெரிக்க அமைப்பு. டீசல் எந்திரமோ, ஜெர்மானிய நிறுவனத்தின் அமைப்பு. மேனி நமது, இதயம் எவரது? இதயத்தைத் தருபவன் ஒருநாள் இல்லையென்றால், கப்பல் கடலிலா நிற்கும், கரையிலா?

எந்திரம் விழா மேடையில் பிறப்பதில்லை, தோழனே! ஆராய்ச்சிக் கூடத்தில் பிறக்கிறது, பட்டறையில் வளர்கிறது, உழைப்பாளி வீட்டுப் பிள்ளை கற்ற கல்வியில் உயிர் பெறுகிறது. அக்கூடத்திற்குப் பொருளும் அப்பிள்ளைக்குக் கல்வியும் குறைவின்றித் தருக என்று கேட்பதே நம் கடமை.

கொடியசைப்பது எளிது, எந்திரம் சமைப்பது அரிது. அரியதைச் செய்யும் கையை ஆளாக்குவதே அரசு! சிற்றூர்தோறும் சென்று இதைச் செப்பு!