தொழிலாளியின் பக்கம் நிற்கும் தூதரகம்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து புக்கிட் ஜாலில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் வெகு தூரமில்லை. செர்டாங், பாலாக்கோங் வட்டாரத்துப் பட்டறைகளிலும் பர்னிச்சர் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளிக்கு அந்த முகாமின் பெயர் தெரியும். முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், கடப்பிதழ் கையில் இல்லாமல் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொண்டால், முடிவில் போய்ச் சேரும் இடம் அது. பட்டறைக்கும் முகாமுக்கும் நடுவே அவனுக்காகப் பேச வேண்டிய மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் அவன் நாட்டுத் தூதரகம். அந்த இடம் எப்படி இயங்க வேண்டும் என்பதைப் பிலிப்பீன்ஸிடமிருந்தும், நாமே மறந்துபோன நம் வரலாற்றிலிருந்தும் கற்கலாம்.

கோலாலம்பூரின் சாங்காட் கியா பெங்கில் இருக்கும் பிலிப்பீன்ஸ் தூதரகத்தின் கதை கரடுமுரடானது. சபா மீது உரிமை கோரிய மணிலா, 1963-இல் மலேசியா அமைந்தபோது அதை ஏற்கவில்லை. இங்கிருந்த தூதரகத்தைத் துணைத் தூதரகமாகக் குறைக்க முயன்றது. மலேசியா உறவையே முறித்துக்கொண்டது. 1964-இல் துணைத் தூதரக அளவில் தொடர்பு மீண்டது, 1966-இல் முழு உறவு வந்தது. 1968-இல் சபா விவகாரத்தில் மறுபடியும் முறிவு. இப்படி அரசுகள் மோதிக்கொண்ட காலத்தில் தொழிலாளர் நலன் யார் நினைவிலும் பெரிதாக இல்லை.

நினைக்க வைத்தது ஒரு தூக்குத் தண்டனை. 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் ஃபுளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். தம் தூதரகம் அந்தப் பெண்ணுக்காக நேரத்தோடு நின்று போராடவில்லை என்று பிலிப்பினோ மக்கள் தெருவில் இறங்கினார்கள். மூன்று மாதத்துக்குள், அதே ஆண்டு ஜூனில், 8042-ஆம் எண் குடியரசுச் சட்டம் பிறந்தது. பிலிப்பினோ தொழிலாளர்கள் பெருமளவில் இருக்கும் நாடுகளில் தூதரகத்துக்குள் ஓர் உதவி மையம் இயங்க வேண்டும், ஞாயிறு, பொது விடுமுறை உட்பட 24 மணி நேரமும் அது திறந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதிவைத்தது. வெளிநாடுகளில் வழக்கில் சிக்கும் தொழிலாளர்களைக் கவனிக்கவென்றே தனி அதிகாரியையும் சட்ட உதவி நிதியையும் ஏற்படுத்தியது. 2021 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென ஒரு தனி அமைச்சே உருவானது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேலை ஒப்பந்தச் சரிபார்ப்பு. ஒரு பிலிப்பினோ பெண்ணை வீட்டு வேலைக்கு எடுக்க விரும்பும் முதலாளி, ஒப்பந்தத்தைத் தூதரகத் தொழிலாளர் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும். சம்பளம், வார விடுமுறை, தங்குமிடம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். 2006-இல் வீட்டுப் பணியாளருக்கு மாதம் குறைந்தது 400 அமெரிக்க டாலர் என்று மணிலா விதித்தபோது, அந்த விதிக்கு உயிர் கொடுத்தது இந்தச் சரிபார்ப்புதான். தொழிலாளி விமானம் ஏறுவதற்கு முன்பே தூதரகம் அவள் சம்பளத்தைப் பார்த்துவிடுகிறது. பிரச்சினை வந்தபிறகு கைகொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிலிப்பீன்ஸில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சபாவில் எத்தனையோ ஆண்டுகளாக வாழும் பிலிப்பினோக்களுக்கு அங்கே ஒரு துணைத் தூதரகம் இல்லை. திறந்தால் சபா மலேசியாவுக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என மணிலா தயங்குகிறது. அதன் விலையைப் பிறப்புப் பதிவில்லாத பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இந்தோனேசியாவுக்குக் கோத்தா கினபாலுவிலும் தாவாவிலும் துணைத் தூதரகங்கள் உண்டு, செம்பனைத் தோட்டங்களில் அதன் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கற்றல் மையங்களும் உண்டு. அடுத்தடுத்த லயத்தில் வாழும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று கையில் காகிதத்தோடு வளர்கிறது, மற்றது வெறுங்கையோடு வளர்கிறது என்றால் அங்கே தூதரகம் என்பது வெறும் அலுவலகக் கட்டடம் அன்று என்பது விளங்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். தொழிலாளிக்காகவே ஓர் அரசு தன் ஆளை வெளிநாட்டில் உட்காரவைப்பதைத் தமிழர்கள் மிக முன்பே பார்த்திருக்கிறார்கள். 1922-இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்படி இலங்கையில் கண்டியிலும், மலாயாவில் கோலாலம்பூரிலும் இந்திய அரசின் ஏஜெண்டு என்ற பதவி உருவானது. ஏஜெண்டு தோட்டங்களுக்கு நேரில் போனார். லயன் வீடுகளையும் தண்ணீரையும் தோட்டப் பள்ளியையும் மருத்துவமனையையும் பார்த்தார். கூலி விவரத்தைக் கேட்டார். பார்த்ததை ஆண்டுதோறும் அறிக்கையாக எழுதினார், அது அச்சாகி வெளிவந்தது. மலாயா இந்தியர்களின் வரலாற்றை எழுதியவர்கள் இன்றும் அந்த அறிக்கைகளைத்தான் புரட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் அவர் ஓர் அடிமை நாட்டின் ஊழியர். கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை, துரைமார் அவரை விரும்பவும் இல்லை. ஆனாலும் எழுத்துக்கு ஒரு பலம் இருந்தது. பொருளாதார மந்தத்தில் வெட்டுப்பட்ட கூலி முழுதாகத் திரும்பாத நிலையில், 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். கங்காணி முறையில் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர் அறிக்கை சொன்னது. 1938-இல் முதலாளிமார் மறுபடியும் கூலியைக் குறைத்தபோது, உதவித்தொகையோடு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதையே இந்திய அரசு ஜூன் மாதம் தடை செய்தது. ‘இந்தக் கூலிக்கு எங்கள் ஆட்களை அனுப்ப மாட்டோம்’ என்று ஓர் அரசு சொன்னது நம் மக்களுக்காகத்தான்.

ஏஜெண்டு முறையின் எல்லையும் விரைவில் தெரிந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிப்பது ஆகியவை கோரிக்கைகளில் இருந்தன. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். ஏஜெண்டால் அதைத் தடுக்க முடியவில்லை.

போருக்குப் பின், மலாயா இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) முதல் தலைவரான ஜான் திவி இந்தியாவின் பிரதிநிதியாகக் கோலாலம்பூரில் அமர்ந்தார். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதிக்குத் தூக்கு விதிக்கப்பட்டபோது அவரைக் காப்பாற்ற இந்தியத் தரப்பு முயன்றது. பலிக்கவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்த் தூக்கு மணிலாவில் ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது. புடு சிறைத் தூக்கு டில்லியில் எதையும் பிறப்பிக்கவில்லை. மலாயா விடுதலை பெற்றபின் பிரதிநிதி அலுவலகம் தூதரகமாயிற்று. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து ஆண்டறிக்கை எழுதும் கடமை எங்கோ கைநழுவிப் போனது.

1922-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு இந்தியா 1983-இல் புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கவனம் புறப்படும் வாசலில் இருக்கிறது. ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்குப் பதிவு, பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி பயனுள்ளது. தங்குமிடம், விமான டிக்கெட், சட்ட உதவி, சடலத்தை ஊருக்கு அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கிறது. 2020 மே மாதம் ஊரடங்கில் சிக்கியவர்களைத் திருச்சிக்கு விமானம் ஏற்றிவிட்ட தூதரக ஊழியர்களின் உழைப்பையும் மறக்கக் கூடாது. ஆனால் இவையெல்லாம் ஆள் விழுந்தபிறகு தூக்கும் வேலை.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வரலாம். சுற்றுலாவுக்கு நல்லது. ‘போய் இறங்கு, பெர்மிட் பிறகு போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் தரகனுக்கும் நல்லது. அவனை நம்பி ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வரும் இளைஞன் எந்தக் குடியேற்ற அனுமதிப் பதிவிலும் இருக்க மாட்டான். பெர்மிட் இல்லாதவனுக்கு இங்குள்ள சட்டம் 10,000 வெள்ளி அபராதம், ஐந்தாண்டுச் சிறை, ஆறு பிரம்படி வரை போகும். தொழிலாளியின் கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் மேசை இழுப்பறையில் கடப்பிதழை வைத்திருக்கும் முதலாளிமீது புகார் கொடுக்கத் துணிபவன், மறுநாளே வேலையையும் படுக்கையையும் இழக்கிறான். தங்க ஓர் இடமும் கூட வர ஓர் அதிகாரியும் இருந்தால்தான் அந்தச் சட்டம் அவனுக்குப் பயன்படும்.

டில்லிக்கு ஒரு வேண்டுகோள். மலேசியாவுக்கு வரும் தொழிலாளியின் ஒப்பந்தத்தைத் தூதரகம் சரிபார்ப்பதும், தங்குமிடத்தோடு கூடிய உதவி மையம் நடத்துவதும், தடுப்பு முகாம்களுக்கு முறையாகப் போய்வருவதும் சட்டப்படியான கடமை ஆகட்டும். நல்ல மனமுள்ள அதிகாரி மாற்றலாகிப் போனாலும் கடமை போகாது. ஏஜெண்டு எழுதியதைப் போல் மலேசியாவிலுள்ள இந்தியத் தொழிலாளர் நிலை குறித்த அறிக்கை ஆண்டுதோறும் வெளிவரட்டும், தமிழிலும் வெளிவரட்டும். இங்கு வருகிறவர்களில் பெரும்பகுதி தன் மக்கள் என்பதால் தமிழக அரசும் இதைக் கேட்க வேண்டும். நம் கடைகளில் வேலை செய்யும் ஊர்ப் பையனின் கடப்பிதழ் நம் இழுப்பறையில் இருந்தால், அதை இன்றே அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.