சரக்குக் கணக்கில் மனிதர்கள்

ஒரு மனிதர் மேல் இன்னொருவர் சொத்துரிமை கொண்டாடி, அது வழக்காகி, தீர்ப்பும் ஆன கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர் தாண்டிப் போனால் வருகிற திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, இவன் என் அடிமை என்றார். கையில் ஓலை. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. கிழவர் மூல ஓலையை எடுத்துக் கொடுத்தார். பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த சபை, கிழவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

வந்தவர் சிவபெருமான். அதனால் சுந்தரருக்கு அந்த அடிமைத்தனமே பெரும் பேறாயிற்று. ஆனால் சபையார் நடந்துகொண்ட முறையைக் கவனியுங்கள். உரிமை கொண்டாடி வந்தவரைத்தான் அவர்கள் நிரூபிக்கச் சொன்னார்கள். வழக்கம், எழுத்து, சாட்சி என்ற மூன்றில் ஒன்றையாவது காட்டு என்றார்கள்.

ஓலையோடு வருகிறவர் கடவுளாக இல்லாமல் கப்பல் முதலாளியாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

1781-ஆம் ஆண்டு லிவர்பூல் வியாபாரிகளின் 'ஸாங்' என்ற கப்பல், 440-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடைத்துக்கொண்டு ஜமைக்கா தீவுக்குப் புறப்பட்டது. வழி தவறியது, நோய் பரவியது. தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, நவம்பர் கடைசியில் தொடங்கிச் சில நாட்களில் சுமார் 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, தலைக்கு 30 பவுன் வீதம் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்கள்.

இதில் ஒரு கணக்கு இருந்தது. அடிமை நோயில் செத்தால் நஷ்டம் முதலாளியுடையது. கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சரக்கைக் கடலில் எறிந்தால் நஷ்டஈடு உண்டு.

1783-இல் லண்டனில் ஜூரிகள் முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் மறு விசாரணை கேட்டார்கள். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு முன் வாதம் நடந்தபோது, மழை பெய்து தண்ணீர் கிடைத்த பிறகும் சிலரைத் தள்ளியிருக்கிறார்கள் என்பது வெளிவந்தது. குதிரைகளைத் தூக்கிப் போட்டது போலவே ஜூரிகள் இதைப் பார்த்தார்கள் என்று குறிப்பிட்ட நீதிபதி, மறு விசாரணைக்கு அனுமதி கொடுத்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்குவியானோ சொல்லி விஷயம் அறிந்த கிரான்வில் ஷார்ப் என்பவர், இது கொலை, கொலை வழக்குப் போடுங்கள் என்று அலைந்தார். யார் மீதும் கொலை வழக்கு வரவில்லை. நீதிமன்றம் விசாரித்தது பணத்தை யார் கொடுப்பது என்பதை மட்டும்தான்.

எங்கேயோ அட்லாண்டிக் கடலில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் கடற்கரையிலிருந்தும் மனிதர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். திண்டிவனம் போகும் வழியில் நாம் பார்க்கிற செஞ்சிக் கோட்டையின் நாட்டுக்குள் 1640-களில் பிஜப்பூர் படை புகுந்தது. தொடர்ந்து பஞ்சம். டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையில் ஆட்களை வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. ஆங்கிலேயரும் சளைக்கவில்லை. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று சென்னைக் கோட்டையில் ஒரு விதி இருந்தது. ஆளுநர் எலிஹு யேல் அதை நடைமுறைப்படுத்தினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1687-இல் ஒரே மாதத்தில் கோட்டையிலிருந்து குறைந்தது 665 பேர் ஏற்றுமதியானார்கள். அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் சென்னை அடிமைகள் போயிருக்கிறார்கள். 1688-இல் கோட்டை இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது. மொகலாய அரசின் ஆட்சேபம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1833-இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கம்பெனி ஆண்ட இந்தியாவை மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். இவன் என் அடிமை என்று யார் வந்து சொன்னாலும் நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் இங்கே 1843-இல்தான் வந்தது. ஓலைக்கு மதிப்புப் போயிற்று. அந்த இடத்துக்குக் கடன் வந்தது.

அந்தக் கடனுக்கு இன்று 'அட்வான்ஸ்' என்று பெயர். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்களில் நம் மாவட்டத்து இருளர் குடும்பங்களும் உண்டு. கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். எவ்வளவு உழைத்தாலும் பாக்கி தீராது. பிள்ளையின் பள்ளிக்கூடம் நின்றுபோகும். ஊரில் சாவு என்றாலும் யாராவது ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. கொத்தடிமைக் கடன் எதுவாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது அது. அப்படி வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இன்னொரு பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். நோட்டும் கணக்கும் அவரிடம்தானே இருக்கின்றன! எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் போய் ஆதாரம் கேட்பதில் நியாயம் இல்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்படி ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுங்கள். நீங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மீட்கப்பட்டவர்களுக்கு விடுதலைச் சான்று கொடுப்பார்கள். மறுவாழ்வு உதவி கேட்கும்போது அந்தச் சான்று முக்கியம். ஆளை மீட்டதோடு வேலை முடிந்தது என்று திரும்பிவிடாமல், சான்று அவர்கள் கைக்கு வருகிற வரை கூட நில்லுங்கள்.