கண்மாய் மீனை ஏலத்துக்கு விடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். சஸ்குவஹானா என்ற ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில், மார்பு வரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு கையில் தூண்டில் கம்பு, இன்னொரு கையில் பழுப்பும் பச்சையுமாக ஒரு மீன். "டீச்சர், இதுக்குப் பேர் ஸ்மால்மவுத் பாஸ். பிடிச்சு, படம் எடுத்து, திரும்ப ஆத்துலயே விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் வகுப்பில் காலெல்லாம் கண்மாய்ச் சேறோடு வந்து, பைக்குள் உயிரோடு ஒரு கெளுத்தியை வைத்திருந்து என்னிடம் திட்டு வாங்கியவன் அவன்.

போன் போட்டு, "ஏன்டா விட்டே? குழம்புக்கு ஆகாதா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பாடம் எடுத்தான். தூண்டில் போட அரசாங்கத்திடம் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டுமாம். எந்த மீனை எந்த அளவுக்கு மேல் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கு உண்டாம். அந்த பாஸ் மீனில் ஆண்தான் கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்குமாம். அது முட்டையிடும் வசந்த காலத்தில் பிடித்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். 2005-ல் அந்த ஆற்றில் பாஸ் குஞ்சுகள் நோய் வந்து செத்துப்போக, அதற்குப் பிறகு ஆற்றின் ஒரு நீண்ட பகுதியில் பிடித்த மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்றே விதி போட்டார்களாம். இத்தனைக்கும் அந்த மீன் அந்த ஆற்றுக்குச் சொந்தமானதுகூட இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வேறு ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டதாம்.

வந்தேறி மீனுக்கே அங்கே இத்தனை மரியாதை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அன்று சாயங்காலமே நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. "இந்த வருசம் கண்மாய் மீன்பாசி ஏலத்தை நல்ல தொகைக்கு விடணும். வெளியூர் பார்ட்டி ரெண்டு பேர் வர்றாங்க. கும்பாபிஷேகச் செலவுக்கு ஆகும்." கீழே வரிசையாகக் கட்டைவிரல். அதில் ஒன்று பென்சில்வேனியாக் கட்டைவிரல்.

தம்பி, உன்னை மட்டும் சொல்லவில்லை. கட்டைவிரல் போட்ட அத்தனை பேருக்கும்தான் இந்தப் பதிவு.

வெளியூரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் மாவட்டத்தில் வைகை கடலுக்குப் போவதே அபூர்வம். வருசநாட்டு மலையில் புறப்பட்டு மதுரை, சிவகங்கை எல்லாம் குடித்தது போக மிச்சம்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். அதுவும் நிரம்பி மறுகால் போனால்தான் ஆற்றங்கரையில் கடலைத் தொடும். மற்ற ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆறு. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாயிலிருந்து நம் ஊர்க் கண்மாய் வரை எல்லாம் மழைக்கு நிரம்பி, கோடையில் வற்றுகிற கண்மாய்கள்தான்.

அப்படி வற்றுகிற கண்மாயில் வருசா வருசம் மீன் எங்கிருந்து வந்தது? நம் தாத்தாமார் யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை. விராலும் குரவையும் கெளுத்தியும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றைக் குடிக்கிற சாதி. தண்ணீர் குறைந்தால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் போதும். அடுத்த மழைக்கு வெளியே வந்து, பாசி ஓரத்தில் முட்டையிட்டுவிடும். விராலும் அந்த பாஸ் மாதிரிதான். தாயும் தகப்பனும் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். சிவப்புக் குஞ்சுகள் ஒரு பந்து மாதிரித் திரண்டு மேலே வந்து வந்து போகும், கீழே பெரியது ரெண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கரையில் நின்று இதைப் பார்க்காத பிள்ளை அந்தக் காலத்தில் ஊரில் கிடையாது.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர் கூடும். சாமி கும்பிட்டு, அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருத்தர் கால் நனைக்க மாட்டார்கள். வீசியதும் ஆண், பெண், பிள்ளைகள் என்று அத்தனை பேரும் இறங்குவோம். கையில் ஊத்தா. மூங்கில் குச்சிகளைக் கூம்பு மாதிரிக் கட்டி, மேலேயும் கீழேயும் திறந்திருக்கிற கூடை. சேற்றில் குத்த வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் குச்சியில் முட்டுவது கைக்குத் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். எனக்குப் பத்து வயதில் அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம், "முட்டுறது என்னன்னு தெரியாம கையை விடாதே." தெரியாமல் விட்டேன். கெளுத்தி முள் ஏறி ராத்திரி முழுக்கக் கடுப்பு. இன்னும் மறக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஊத்தா வெறும் கூடை இல்லை. அந்தப் பென்சில்வேனியாச் சட்டம் முழுவதும் அந்தக் கூடைக்குள்ளேயே இருக்கிறது.

குச்சிக்கும் குச்சிக்கும் நடுவில் இடைவெளி உண்டு. குஞ்சு தப்பித்துவிடும். அது அளவு விதி. ஒருத்தர் குத்தி, குனிந்து, கையால் எடுக்கிற அளவுக்குத்தான் மீன் கிடைக்கும். அது எண்ணிக்கை விதி. துண்டு வீசுகிற ஒரு நாள்தான் பிடிக்கலாம். அது பருவ விதி. எல்லாவற்றுக்கும் மேலே, தொடைக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஊத்தா வேலை செய்யாது. அதனால் மடைப் பள்ளத்து மீனை யாராலும் தொட முடியாது. அந்தப் பள்ளம்தான் அடுத்த வருசத்து விதைநெல். உரிமம் கொடுக்க அலுவலகம் வேண்டாம், அபராதம் போட அதிகாரி வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு கூடையில் சட்டம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏலம் என்ன செய்கிறது? பெருந்தொகை கொடுத்து எடுத்தவருக்கு அடுத்த வருசம் அந்தக் கண்மாய் தன் கையில் இருக்குமா என்று தெரியாது. அவர் பள்ளத்தை எதற்கு விட்டுவைப்பார்? எங்கள் கண்மாயில் நடந்ததை நானே பார்த்தேன். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஊருக்கே தெரியும். ராத்திரியில் ஆயில் இன்ஜின் வைத்துப் பள்ளத்துத் தண்ணீரை இறைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வெறும் சேறு. அதையும் ஆள் விட்டுத் துழாவி எடுத்துவிட்டு, விலை போகாத பொடிமீனைக் கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். நாலு நாள் நாற்றம். ஆடுமாடு குடிக்கத் தண்ணீர் இல்லை. அடுத்த மழைக்குக் கண்மாய் நிரம்பியது, ஆனால் சிவப்புப் பந்தை நான் பார்க்கவில்லை. தினமும் கரையில் நடக்கிறவள் நான்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"டீச்சர், ஏலம் எடுக்கிறவர் கட்லா, ரோகு விடுகிறாரே, மீன் கூடத்தானே செய்கிறது?" கூடும். ஆனால் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடக்கே பெரிய ஆறுகளின் மீன். தேங்கின தண்ணீரில் தானாக முட்டையிடாது. வருசா வருசம் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டும். விராலுக்குக் காலணா செலவில்லை. சந்தையில் கட்லாவை விட விலையும் கூட. ஜிலேபி இந்தியாவுக்கு 1952-ல் வந்தது. இன்றைக்கு அது இல்லாத கண்மாய் உண்டா? ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-லேயே தடை செய்தது. மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும் என்பதுதான் காரணம். இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். வெள்ளத்தில் ஒரு பண்ணை உடைந்தால் போதும், வரிசையாக எல்லாக் கண்மாய்க்கும் வந்துவிடும்.

"கோயிலுக்குப் பணம் வேண்டாமா?" வேண்டும். நானும் நன்கொடை எழுதியிருக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். அந்தக் காலத்தில் மீன் பிடித்த அன்று ஊரில் ஒரு வீட்டிலும் குழம்பு வாசனை இல்லாமல் இருக்காது. இறங்க முடியாத கிழவிக்கும், ஆண் துணை இல்லாத வீட்டுக்கும் நாலு மீன் போய்ச் சேரும். விற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இப்போது அதே வீட்டுப் பெண் தன் ஊர்க் கண்மாய் மீனை, கரையிலேயே தராசு வைத்து விற்கிறவரிடம் காசு கொடுத்து வாங்குகிறாள். ஏலப் பணம் என்று நீங்கள் சொல்வது அவள் சட்டியிலிருந்து எடுத்தது. சாமிக்கு அது வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"திருவிழா என்று சொல்லி இருபது ஊர்க்காரன் பைக்கில் வந்து இறங்குகிறான், கொசுவலையை வைத்துக் குஞ்சைக்கூட அள்ளுகிறான், அது மட்டும் நியாயமா?" இல்லை. இதில் உங்கள் பக்கம்தான் நியாயம். கொசுவலையால் அரிக்கிறவனுக்கும் இன்ஜின் வைத்து இறைக்கிறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பேட்டரி வைத்துக் கரண்ட் பாய்ச்சுகிறவன் இவர்களையும் விட மோசம். வெடியும் விசமும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருசத்து வெள்ளைக்காரன் சட்டமே குற்றம் என்றது. நான் கேட்பது பழைய கட்டுப்பாட்டோடு கூடிய பழைய நாள். கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் அது ஊர் சேர்ந்து அடிக்கிற கொள்ளை.

பாம்பன், மண்டபம், தொண்டி சொந்தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரைக்கடலில் வள்ளத்திலும் கரைவலையிலும் பிழைத்தவர்கள் இழுவைமடி வந்த பிறகு என்ன ஆனார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1983-ல் சட்டம் வந்தது. இன்றைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. கஷ்டம்தான், ஆனால் கடலுக்கு மூச்சு விட 61 நாள் உண்டு. அதே சித்திரை, வைகாசியில் கண்மாய்க்கு ஒரு நாள்கூட இல்லை. அந்த மாதங்களில்தான் இன்ஜினே வருகிறது.

இன்னொன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் என்று நம் மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்கள் நாலு ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. நாலும் கண்மாய்கள்தான். நாரையும் கூழைக்கடாவும் வருவது மீனுக்காக. அந்தப் பெருமையை எல்லாரும் பகிர்ந்தீர்கள், நானும் பகிர்ந்தேன். மீனைத் துடைத்துவிட்டு அது எதற்கு?

சும்மா குறை சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஊர்க்கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான்.

ஒன்று, இந்த வருசம் மீன்பாசியை வெளியாளுக்கு விட வேண்டாம். ஊரே பொதுவில் ஏலம் எடுக்கட்டும்.

இரண்டு, அதற்கு ஆகும் தொகையை மூன்று வருசத்துக்கு நாம் கட்டுவோம். என் பென்சனில் ஒரு மாதத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் போட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடியாத காரியம் இல்லை.

மூன்று, மடைப் பள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரை யாரும் இறைக்கக் கூடாது. கொசுவலை, பேட்டரி, இன்ஜின் மூன்றுக்கும் தடை. ஊத்தாவுக்கு மட்டும் ஒரு நாள்.

நாலு, மழைக்காலத்தில் குஞ்சோடு நிற்கிற விராலுக்குத் தவளை கோர்த்துத் தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். அது வீரம் இல்லை. பிள்ளையைக் காக்க வாயைத் திறக்கிற தாயைப் பிடிப்பது.

மூன்று வருசம் பாருங்கள். சிவப்புப் பந்து திரும்ப வரவில்லை என்றால் நான் சொன்னது தப்பு என்று இதே இடத்தில் எழுதுகிறேன். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் ஏலம் விடுங்கள்.

பென்சில்வேனியாத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அங்கே காசு கட்டி, விதி படித்து, பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விடுகிறாய். நல்ல பிள்ளை. அந்த மரியாதையில் பாதியை நீ பிறந்த கண்மாய்க்கும் கொடு. முதலில் அந்தக் கட்டைவிரலை எடு.

ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கோபமாக எழுதினாலும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்