“நீங்க என்ன ஆளுக?”

வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடையில் அமர்ந்து ஏடு படிக்கும் தோழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. “எந்த ஊரு தம்பி?” என்று தொடங்குவார் பக்கத்தில் இருப்பவர். ஊரைச் சொன்னால், “யாரு மகன்?” என்பார். அதையும் சொன்னால், குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, “நீங்க என்ன ஆளுக?” என்பார். முதல் இரண்டு கேள்விகளும் மூன்றாவதற்குப் போட்ட பாலம்!

அதே கேள்வியை அரசாங்கமும் கையில் எடுத்திருக்கிறது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லாச் சாதிகளின் தொகையும் மக்கள்தொகைக் கணக்கில் முழுமையாக வெளியானதில்லை. 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. எண்ணட்டும்! நாம் அதை வரவேற்கிறோம். 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள தமிழ்நாட்டில், யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யார் இன்னும் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? பந்தியில் இலை போடுமுன் தலையை எண்ணுவது முறைதானே!

ஆனால், இதைச் சாக்கிட்டுச் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். “எண்ணிக்கை வரட்டும், நம்ம ஆளுக நம்ம ஆளுகளோடுதான்” என்று ஊர் ஊராகப் பேசுகிறார்கள். கணக்கில் எழுதும் பெயர்தான் மனிதனின் முழு அடையாளமா? இந்தக் கேள்விக்கு விடை தேடித் தமிழகத்துக்கே வந்த ஓர் அம்மையாரைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் மார்கரீட் ராஸ் பார்னெட். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1942இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. பள்ளிக்கூடத்தையும் பேருந்து இருக்கையையும் தோலின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த மாநிலம் அது. நம் ஊர்ப்புறங்களில் இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட மண் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் பிறந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றார். டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தது எதை? நமது திராவிட இயக்கத்தை!

1960களின் பிற்பகுதியில் அவர் இங்கு வந்து ஆராய்ந்தார். அந்த உழைப்பு 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக நூல் வடிவம் பெற்றது. ‘தென்னிந்தியாவில் பண்பாட்டுத் தேசியத்தின் அரசியல்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1990இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவரே. 1992இல், ஐம்பது வயது நிறையுமுன்னே மறைந்தார்.

அவர் கண்டது என்ன? 1916இல் ‘பிராமணரல்லாதார்’ என்ற பெயரில் ஒரு குரல் எழுந்தது. 1944இல் சேலத்தில் ‘திராவிடர்’ என்ற பெயர் கழகத்தின் பெயராயிற்று. 1963இல் பிரிவினைக் கோரிக்கை கைவிடப்பட்டது. 1965இல் மொழிப்போர் மூண்டபோது ‘தமிழர்’ என்ற பெயரே முன்னின்றது. 1967இல் ஆட்சியே மாறிற்று. ஒரே மக்கள், ஐம்பது ஆண்டுகளில் மூன்று பெயர்கள்! இனவுணர்வு பாறையில் பதிந்த சுவடு போல் என்றும் மாறாமல் கிடப்பதில்லை. அரசியல்தான் அதை உருவாக்குகிறது, மாற்றியும் அமைக்கிறது என்பதை அம்மையாரின் நூல் காட்டுகிறது.

அவர் பிறந்த நாட்டிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா ஆகிய இடங்களின் வழிவந்தவர்களை அங்கே ‘லத்தினோ’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஸ்பானிய வழியினரா என்ற கேள்வி எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்பட்டது. பெயர் ஒன்றாயிற்று, மனம் ஒன்றாயிற்றா? 1989-90இல் அரசியல் அறிஞர்கள் அம்மக்களிடம் ஆய்வு நடத்தினர். பெரும்பாலோர் தத்தம் பூர்வீக நாட்டின் பெயராலேயே தம்மைக் குறித்தனர். ஒற்றுமையைக் கணக்கெடுப்புத் தாள் கொண்டுவந்துவிடவில்லை.

பின் எது கொண்டுவரும்? 1965இல் கலிபோர்னியாவின் டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள். சில நாட்களில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வழித் தொழிலாளர்கள் சேர்ந்து கொண்டனர். மொழி வேறு, நாடு வேறு. ஆனால் ஐந்தாண்டுப் போராட்டம் அவர்களை ஒரே சங்கமாக்கிற்று. 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

கலிபோர்னியாவுக்குப் போவானேன்? நம் வத்தலக்குண்டே சான்று சொல்லும். 1884இல் இங்கே பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. “என்ன ஆளுக?” என்று அவரைக் கேட்டிருந்தால், பார்ப்பனக் குடும்பம் என்ற விடை கிடைத்திருக்கும். அந்த விடையில் அவருடைய வாழ்வில் எவ்வளவு அடங்கும்? 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யோடு தோளோடு தோள் நின்று, சிறை சென்று, தொழுநோயோடு வெளிவந்தாரே, அந்த மனிதர் எந்தக் கட்டத்தில் அடங்குவார்?

ஆயினும் தோழர்களே, நம்மை நாமே மெச்சிக்கொண்டு எழுந்துவிட வேண்டாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், பெண்டு பிள்ளைகள் உட்பட 44 உயிர்கள் தீயில் கருகின. கூலியில் சிறிது உயர்வு கேட்டதும், சங்கத்தின் கொடியை விட மறுத்ததுமே குற்றம்! தமிழன் ஆட்சி மலர்ந்தது என்று நாடே பூரித்திருந்த நாட்கள் அவை. எரித்தவனும் தமிழன், எரிந்தவனும் தமிழன். ‘தமிழர்’ என்ற கூரை எல்லார் தலைக்கும் ஒரே நிழலைத் தரவில்லை என்பதை அந்தச் சாம்பல் சொல்லிற்று. பார்னெட் அம்மையாரும், மானிடவியல் அறிஞர் ஸ்டீவ் பார்னெட்டுடன் சேர்ந்து, தமிழகத்துத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் போராளி ஒருவரின் கருத்துகளைத் தனிக் கட்டுரையாக 1974இல் வெளியிட்டார். சேரியின் குரலையும் கேட்டால்தான் கணக்கு முழுமையாகும் என்று நாம் அதிலிருந்து பாடம் கொள்கிறோம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கணக்கெடுப்பவர் வரும்போது உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அது உரிமைக்கான கணக்கு. அதில் வெட்கமும் வேண்டாம், வீறாப்பும் வேண்டாம். அவர் போன பிறகு, நமக்கு நாமே ஒரு கணக்கெடுப்போம். நம் கிளையின் கொடிக்கம்பம் எந்தத் தெருவில் நிற்கிறது? ஊருக்குள் மட்டுமா, காலனியிலுமா? படிப்பகத்துப் பெஞ்சில் இரு தெருப் பிள்ளைகளும் உட்காருகிறார்களா? தோழர் வீட்டுத் திருமணத்தில் யார் யார் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள்? கூலித் தகராறு வந்தபோது நாம் எந்தப் பக்கம் நின்றோம்?

இந்தக் கணக்கில் தேறினால்தான் ‘நாம்’ என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு. அப்போது தேநீர்க் கடையில் எவரேனும் “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் விடை சொல்லலாம்: “உழைக்கிற ஆளுக, அய்யா! நீங்களும் நம்ம ஆளுதான், தள்ளி உட்காராதீங்க!”