கைப்பிடி மண்ணில் ஒரு பாடம்

சைக்கிளை விரைவாக மிதித்து வந்து, ஒரு மண்மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, அடுத்த மேட்டின் சரிவில் இறங்கும் விளையாட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1970ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் இவ்வகை விளையாட்டில் இறங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது.

பறப்பவரை எல்லோரும் பாராட்டுகிறார்கள். மேட்டைக் கட்டியவரைத்தான் முதலில் பாராட்ட வேண்டும் என்பேன். மேடு சரிந்தால் எலும்பு முறியும் அல்லவா?

மேடு கட்ட எந்த மண் ஏற்றது? மணல் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். களிமண் துகள்களோ 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆனால் வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். எனவே சிறிது மணல் கலந்த களிமண்ணே நல்லது. ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நாடாபோல் பிதுக்கிப் பாருங்கள். நாடா நீள நீள, களி அதிகம் என்று பொருள்.

அடுத்தது தண்ணீர். அதே கலிபோர்னியாவில் மண் அணைகள் கட்டும் பணியில் இருந்த பிராக்டர் என்ற பொறியாளர், 1933இல் ஓர் உண்மையை விளக்கினார். ஒரே அளவு இடித்தாலும், ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் மண் மிக நன்றாக இறுகும். ஈரம் குறைந்தால் துகள்கள் நகர்ந்து நெருங்கா. மிகுந்தால், துகள்களுக்கு இடையே தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஆனால் உள்ளங்கையில் நீர் கசியக்கூடாது. அந்த மண்ணை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அணைக்கும் இதே முறைதான்!

மண் வகைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். கையில் கொடுத்து, "இது என்ன மண்?" என்று கேட்டால் விழிக்கிறோம். மண்ணை விரல்களால்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

"விளையாட்டுக்காக நிலத்தைப் பாழாக்குவதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கறுத்த மேல்மண் ஒரு சென்டிமீட்டர் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். பயிருக்கு உயிரான அது, மேடு கட்ட உதவாது. அதிலுள்ள வேரும் மட்கும் சிதைந்தால் மேடு அமுங்கிவிடும். ஆகவே மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, அடிமண்ணை எடுத்தபின், பள்ளத்தின்மேல் மீண்டும் பரப்புவதே முறை. நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி மண்வெட்டியைத் தொடவே கூடாது.

மேடு கட்டுவது இருக்கட்டும். இன்று மாலை ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, நனைத்து, பிதுக்கிப் பாருங்களேன். உங்கள் ஊர் மண் எவ்வளவு நீளத்துக்கு நாடா விடுகிறது?